ஜூல் வைத்திருந்த தெர்மாமீட்டர்

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதி வெளியே வந்தவர்கள் யாரும் ஜூல் என்ற பெயரை மறந்திருக்க மாட்டோம். யூனிட்டாகவே ஆகிவிட்ட அந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், இங்கிலாந்தில் சால்ஃபோர்டைச் சேர்ந்தவர். பீர் ஆலை நடத்திய குடும்பம். துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரைக் கலக்கி, வேலை எவ்வளவு வெப்பமாகிறது என்று அளந்தவர். 1850-ல் அவர் வெளியிட்ட சோதனையில் சூடு ஏறியது ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூட இல்லை. ஆக, தெர்மாமீட்டர் பொய் சொன்னால் எல்லாம் போச்சு.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். தன் தெர்மாமீட்டர் ஒன்றை 1844 முதல் 1882 வரை, 38 வருஷம், அவ்வப்போது உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று குறித்துவந்தார். அது ஏறிக்கொண்டே போனது! முதலில் வேகமாக, போகப்போக ஆமை வேகத்தில். மொத்தம் ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட். பாதரசம் கூடவில்லை, அதைச் சுற்றியிருந்த கண்ணாடிக் குமிழ்தான் சுருங்கியது.

கெட்டியான கண்ணாடி எப்படிச் சுருங்கும்னு கேட்கலாம். உலையில் அது தேன் மாதிரி ஓடும் திரவம். ஆற ஆற அணுக்கள் நெருங்கி உட்கார வேண்டும். நெரிசலான டவுன் பஸ்ஸில் நடுவில் நிற்பவர் இறங்குவதை நினைத்துப் பாருங்க. அவர் மட்டும் நகர்ந்தால் போதாது. நாலு பேர் சேர்ந்து விலகணும். கூட்டம் ஏற ஏற, பத்துப் பேர் சேர்ந்து விலகணும். 1965-ல் ஆடம், கிப்ஸ் இருவரும் சொன்ன விளக்கம் ஏறக்குறைய இதுதான்: குளிரக் குளிர, ஒன்றாக நகர வேண்டிய கூட்டம் பெரிதாகிறது, அதனால் ரிலாக்சேஷன் தாமதமாகிறது.

அந்தத் தாமதம் சாதாரணமானதல்ல. கண்ணாடி நிலைக்கு வரும்போது திரவத்தின் பிசுக்குமை தண்ணீரைப்போல 1-க்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்ட மடங்கு! 1920-களில் ஃபோகல், ஃபுல்ச்சர், டம்மான் ஆகியோர் இந்த ஏற்றத்துக்கு ஃபார்முலா தந்தார்கள். ஆனால் 'ஏன்' என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இன்றுவரை இல்லை. ஆடம்-கிப்ஸ் விளக்கமும் பலவற்றில் ஒன்றுதான்.

ஊதிய குமிழ் சட்டென்று ஆறினால் அணுக்களுக்கு உட்கார நேரம் கிடைக்காது. கொஞ்சம் பெருத்த நிலையிலேயே உறைந்துவிடும். மிச்ச வேலையை அறை வெப்பத்தில் வருஷக்கணக்கில் செய்யும். சோடா, பொட்டாஷ் இரண்டும் கலந்த கண்ணாடியில் இந்தத் தொல்லை அதிகம் என்று ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். 1884-ல் ஜெனாவில் ஆலை தொடங்கிய ஓட்டோ ஷாட், பூஜ்யம் அவ்வளவாக நகராத தெர்மாமீட்டர் கண்ணாடியைத் தயாரித்தார். கண்ணாடியைச் சூட்டிலேயே நிறுத்தி மெதுவாக ஆறவிடும் அனீலிங்கும் இதற்குத்தான்: பின்னால் அது வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் நேரத்தை, நாம் உலையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

நம்மில் பலர் பிளாண்டில் கருவிகளுக்குக் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள். தேதி தாண்டினால் 'நன்றாகத்தானே ஓடுது' என்று விட்டுவிடத் தோன்றும். ஜூலின் தெர்மாமீட்டரும் நன்றாகத்தான் ஓடியது. பூஜ்யத்தையே சந்தேகப்பட்டு 38 வருஷம் சரிபார்த்ததால்தான், அது நகர்ந்த கதை நமக்குக் கிடைத்தது.