காருகுறிச்சியாரும் ஒற்றைப் பாட்டும்

கோவில்பட்டிக்கு வரும் வெளியூர் நண்பர்களிடம் ஊரின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் செண்பகவல்லி அம்மன் கோயிலும் முதலில் வந்துவிடும். இலக்கிய நண்பர்களாக இருந்தால், பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் அவர்களே நினைவுகூர்வார்கள். ‘காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊரும் இதுதான், அவருக்கு இங்கே சிலையும் உண்டு’ என்று நாம் சொல்லும்போது மட்டும் இளையவர்கள் சிலர் முகத்தில் ஒரு தயக்கம் தோன்றும். அப்போது நாம் நீண்ட விளக்கம் எதுவும் சொல்வதில்லை. ‘சிங்கார வேலனே’ பாட்டில் நாதசுரம் வாசித்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். தயக்கம் அகன்றுவிடும்.

இவ்வாறு ஒரே வரியில் ஒரு கலைஞரை அறிமுகம் செய்ய முடிவது மகிழ்ச்சிக்குரியதா, வருத்தத்துக்குரியதா என்பது நெடுநாளாக நம்முள் இருந்துவரும் கேள்வி. அந்த ஒற்றைப் பாட்டை யார் யார் எவ்வாறு ஏற்றார்கள், யார் ஏற்காமல் விட்டார்கள் என்று பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும் எனத் தோன்றுகிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். அருணாசலம் 1921-இல் பிறந்தவர். காருகுறிச்சி, சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் தாமிரபரணிப் பாசனத்தில் செழித்த ஊர். மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்றது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்து, அவரோடு அமர்ந்து உடன் வாசித்து உருவானவர். பின்னர்த் தம் வாழ்விடமாக அவர் கொண்டது ஆற்றங்கரையை அன்று, வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே இருக்கும் கோவில்பட்டியை. ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-இல். அருணாசலம் மறைந்தது 1964-இல், நாற்பத்து மூன்றாம் வயதில். ஆக, குருவின் மறைவுக்குப் பின் அவருடைய வாரிசாகத் தமிழகம் இவரைக் கொண்டாடிய காலம் ஏறத்தாழ எட்டே ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளின் பிற்பகுதியில், 1962-இல், வெளிவந்தது ‘கொஞ்சும் சலங்கை’.

எம்.வி. ராமன் இயக்கிய அந்தப் படத்தில் ஜெமினி கணேசன், சாவித்திரி, ஆர்.எஸ். மனோகர், குமாரி கமலா ஆகியோர் நடித்தனர். இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, பாட்டை எழுதியவர் கு.மா. பாலசுப்பிரமணியம், பாடியவர் எஸ். ஜானகி. கதாநாயகன் நாதசுரம் வாசிக்க, நாயகி பாடுவதாக அமைந்த காட்சி. திரையில் ஜெமினியின் கையில் இருந்த வாத்தியத்துக்கு உயிர் கொடுத்தது அருணாசலத்தின் மூச்சு. படத்தின் கதை இன்று பலருக்கும் நினைவில்லை. பாட்டுக்கு முன்னால் வரும் வசனத்தையும் சேர்த்துப் பாட்டு மட்டும் நினைவில் நிற்கிறது.

மேலை நாட்டுப் பாப் இசை வரலாற்றில், ஒரே ஓர் இசைத்தொகுப்பால் அறியப்படும் குழுக்கள் என்று ஒரு வகை உண்டு. லிவர்பூல் நகரத்து ‘தி லாஸ்’ குழு 1990-இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அதுவே கடைசித் தொகுப்பாகவும் ஆயிற்று. விமர்சகர்கள் அதனைப் போற்றினர். குழுவின் தலைவரும் பாடலாசிரியருமான லீ மேவர்ஸோ, தம் மனத்தில் ஒலித்த இசை அதில் பதிவாகவில்லை என்று சொல்லி, தம் தொகுப்பையே ஏற்க மறுத்தார். கேட்டவர்களுக்கு அது முழுமை. படைத்தவருக்கு அது குறை. ஒற்றைப் படைப்பின் வழியே ஒருவரை அளப்பதில் உள்ள சிக்கலை இந்த நிகழ்வு நன்கு காட்டுகிறது. காருகுறிச்சியார் தம் பாட்டை வெறுத்தவர் அல்லர். அவருடைய வாசிப்பும் ஒரு பாட்டோடு முடிந்ததன்று. எனினும் பொதுநினைவு அவரிடமும் அதே விதமாகவே நடந்துகொண்டது. மணிக்கணக்காக வாசித்த ஒருவரைச் சில நிமிடங்களில் அடக்கிவிட்டது.

அந்தச் சில நிமிடங்களில் இருப்பது என்ன? பாட்டின் ராகம் ஆபேரி. இந்த ராகத்துக்கும் நம் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1835-இல் மறைந்த எட்டயபுரம், கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ளது. அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ அதே எட்டயபுரத்தில் 1904-இல் அச்சேறியது. தீட்சிதர் மரபில் ஆபேரிக்குச் சுத்த தைவதம். இன்று மேடையில் பெரும்பாலும் கேட்பது சதுச்ருதி தைவதம். திரைப்பாட்டும் இந்தப் பிந்தைய வழியையே பின்பற்றியது. மரபில் ஊன்றிய ஒருவர் குறை சொல்ல விரும்பியிருந்தால் இங்கேயே தொடங்கியிருக்கலாம்.

ஆயினும் பாட்டின் அருமை தைவதத்தில் இல்லை. நாதசுரம் வெட்டவெளிக்கு உரிய வாத்தியம்; கோயில் பிராகாரத்தையும் நான்கு மாட வீதியையும் நிறைப்பதற்கென்று வளர்ந்தது. பெண் குரலோ ஒலிவாங்கியின் முன்னே மெல்லிய அசைவுகளையும் காட்ட வல்லது. இவ்விரண்டையும் ஒரே பாட்டில் இணையாக நிறுத்துவது எளிதன்று. வாத்தியம் சற்று ஓங்கினாலும் குரல் மறைந்துவிடும். வாத்தியத்தை அளவுக்கு மீறி அடக்கினால் அது நாதசுரமாகவே இராது. இந்தப் பாட்டில் குரல் சுரம் பாடுகிறது, நாதசுரம் மறுமொழி சொல்கிறது. வேகம் கூடக் கூட இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தி, இறுதியில் ஒன்றாகவே ஓடுகின்றன. ஏழு விரல் துளைகளையும் சீவாளியில் படும் உதட்டையும் மூச்சையும் கொண்டு அரைச் சுரங்களையும் கமகங்களையும் வரவழைக்க வேண்டிய வாத்தியத்தில், ஒரு குரலின் குழைவுக்கு ஈடுகொடுத்து வாசித்திருக்கிறார் அருணாசலம். ராஜரத்தினம் பிள்ளை பரவலாக்கிய பாரி நாதசுரத்தின் கனிந்த நாதம் இதற்குத் துணை செய்தது.

இனி, ஏற்பு எவ்வாறு இருந்தது என்று பார்ப்போம்.

தமிழில் இசை விமர்சனம் என்பது பெரிதும் சபாக்களோடு வளர்ந்த துறை. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பத்தி அதற்கு ஒரு வடிவம் தந்தது. பின்னாளில் சுப்புடு அதைக் கூர்மையாக்கினார். அந்த விமர்சனம் அளந்தது கச்சேரியை: ராகம், நிரவல், சுரம், பக்கவாத்தியம், அரங்கத்தின் மனநிலை. திரைப்பாட்டு அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. மறுபுறம், திரை விமர்சனத்துக்குப் பாட்டென்பது கதைக்கு நடுவே வரும் ஓர் இடைவேளை. நடிப்பையும் காட்சியையும் பேசிவிட்டுப் போகிற போக்கில் இசையைப் பாராட்டினால் உண்டு. ஆகவே, ஒரு பெரும் நாதசுரக் கலைஞர் திரைப்பாட்டில் வாசித்தபோது, அவரை அளக்க வேண்டிய பத்தி எது என்பதே கேள்வியாகிவிட்டது. இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பில் விழுந்த விதை போன்ற நிலை இது என்பது நம் கருத்து.

இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. சபாக்களில் நாதசுரத்துக்கு இருந்த இடமே சிறியது. விழாத் தொடக்கத்தில் மங்கல இசையாக ஒலித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வாத்தியமாகவே அது பெரிதும் கருதப்பட்டது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1956-இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் 1998-இல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கிராப்புத் தலையும் ஷெர்வானியுமாக வந்து, மற்ற வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பை நாதசுரத்துக்குக் கேட்டவர் அவர். குருவுக்கே தயங்கித் தயங்கித் திறந்த கதவு, சீடர் திரையில் வாசித்த ஒரு பாட்டுக்காகத் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

ஆனால் கரிசல் காட்டுக்குத் தனியான செவி இருந்தது. விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனையைக் கேட்டு வளர்ந்த செவி அது. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மண்ணில், கோடையில் வேலையற்ற மாதங்களே திருவிழா மாதங்கள். இரவு முழுவதும் சாமி புறப்பாட்டின் முன்னே நின்று மேளம் கேட்பவர்களுக்குச் சபா நுழைவுச்சீட்டுத் தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரிகளும் தோடியையும் கல்யாணியையும் நாதசுரத்தில் அடையாளம் கண்டுகொண்டதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கி.ரா. தம் எழுத்தில் இந்த இசை மோகத்தைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். இத்தகைய மக்களிடந்தான் அந்தப் பாட்டு ரேடியோ செட்டின் குழாய் வழியாக வந்து சேர்ந்தது. கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, சடங்கு எனக் குழாய் கட்டிய இடமெல்லாம் அது ஒலித்தது. ‘நம்ம காருகுறிச்சி’ என்று அவர்கள் அதை உரிமையோடு கேட்டார்கள். விமர்சனப் பத்தி செய்யாத வேலையை இந்தச் செவிகள் செய்தன.

செய்ததோடு, ஒரு தீங்கையும் சேர்த்தே செய்தன என்பதையும் மறைக்கலாகாது. நாம் கல்லூரியில் படித்த நாட்களில் கரிசல் சிற்றூர் ஒன்றில் நடந்த திருமணத்தில் கண்டதைச் சொல்வோம். முந்தைய நாள் இரவு, வயது முதிர்ந்த நாதசுரக்காரர் ஒருவர் தோடியை எடுத்து மெல்ல விரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் எழுந்து, ‘அண்ணாச்சி, இதெல்லாம் போதும், சிங்கார வேலனேயை வாசிங்க’ என்றார். பெரியவர் சீவாளியை எடுத்துத் துடைத்தார், தவில்காரரைப் பார்த்துத் தலையசைத்தார், கேட்டதை வாசித்தார். பந்தலில் கைதட்டல் எழுந்தது. கேட்டவர் திருப்தியோடு சாப்பிடப் போய்விட்டார். பெரியவர் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்த இடத்திலிருந்தே ஆபேரியைத் தொடர்ந்தார். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வாசித்திருப்பார். பந்தலில் எஞ்சியிருந்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவரும் எழுந்து போகவில்லை. சமையற்கட்டிலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

அந்த இரவு நமக்கு உணர்த்தியது இதுதான்: பாட்டு ஒரு கதவு. அதைச் சுவராக நினைத்து அங்கேயே நின்றுவிடுவது கேட்பவர் குற்றம். அந்தக் கதவே வேண்டாம் என்று விலகிப் போவது விமர்சனத்தின் குற்றம். இரு சாராருக்கும் இடையில், கதவைத் தாண்டி உள்ளே அழைத்துப் போகும் வேலை கலைஞர் தலையிலேயே விழுந்தது. அதைச் செய்ய அருணாசலத்துக்குக் காலம் கிடைக்கவில்லை. படம் வந்த இரண்டே ஆண்டுகளில் அவர் போய்விட்டார்.

பாட்டின் ஏற்பு பிற்காலத்தில் வேறு வழிகளில் வளர்ந்தது. 1957-இல் திரைக்கு வந்த எஸ். ஜானகிக்கு இது ஒரு திருப்புமுனையாக அமைந்தது. ஆபேரிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் இசை ஆசிரியர்களே இப்பாட்டைச் சொல்லும் நிலை வந்தது. 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் வாசித்தபோது, திரையில் நாதசுரத்தைக் கேட்கத் தமிழ்ச் செவிகள் முன்பே பழகியிருந்தன. இலக்கியமும் தன் பங்கைச் செய்தது. கரிசல் நிலத்து நாதசுரக் கலைஞர்களின் அலைச்சலையும் அவமதிப்பையும் எஸ். ராமகிருஷ்ணன் ‘சஞ்சாரம்’ நாவலில் எழுதினார். அதற்கு 2018-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு கலைஞனைக் கொண்டாடும் ஊரே அவனை எந்த இடத்தில் நிறுத்தி வைக்கிறது என்ற கேள்வியை, இசை விமர்சனம் கேட்கத் தவறிய இடத்தில், நாவல் கேட்டது.

அருணாசலத்தின் நூற்றாண்டு 2021-இல் வந்தது. இன்று அவருடைய கச்சேரிப் பதிவுகள் எளிதில் கேட்கக் கிடைக்கின்றன. அதே காலத்தில், நம் ஊர்க் கல்யாணங்களில் கேரளத்துச் செண்டை மேளம் முன்னே செல்கிறது. கெட்டிமேளத்தைக்கூட ஒலிப்பதிவில் போட்டுவிடுகிற மண்டபங்கள் வந்துவிட்டன. பதிவுகள் பெருகும்போது வாசிப்பவர்கள் குறைவது நம் காலத்தின் விந்தை.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நம் விடை இது. ஒரே பாட்டால் ஒருவரை அறிமுகம் செய்ய முடிவது வருத்தத்துக்குரியதன்று. அந்த அறிமுகத்தோடு நின்றுவிடுவதே வருத்தத்துக்குரியது. இனி வெளியூர் நண்பர்கள் வந்தால், பாட்டின் பெயரைச் சொன்ன கையோடு, அவருடைய முழு ராக ஆலாபனை ஒன்றையும் கேட்க வைத்தே அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே கேட்கட்டும். காருகுறிச்சியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.