கிறுக்கலுக்குக் கூலி

பிள்ளை சுவரில் கிறுக்கினால் அதட்டுகிறோம். ஒரு சிம்பன்சி கிறுக்கியதற்கு 1957-இல் லண்டனில் கண்காட்சியே வைத்தார்கள்! அதன் பெயர் காங்கோ. விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸ் அதன் கையில் பென்சிலையும் பிறகு தூரிகையையும் கொடுத்தார். சுமார் 400 படங்கள் தேறின. பிகாசோகூட ஒன்றை வைத்திருந்தாராம்.

காங்கோவுக்குப் பிடித்தது விசிறி மாதிரி விரியும் கோடுகள். முடிப்பதற்குள் தாளை எடுத்தால் ரகளைதான். நம்ம வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே, இல்லையா?

இந்த ஒற்றுமையை முதலில் கவனித்தவர் மோரிஸ் அல்ல. மாஸ்கோவில் நதேஷ்தா லதீகினா-கோட்ஸ், 1913 முதல் யோனி என்ற சிம்பன்சியை வளர்த்தார். 1925-இல் பிறந்த தன் மகனோடு அதை ஒப்பிட்டு 1935-இல் நூலும் வெளியிட்டார். தொடக்கக் கிறுக்கல்கள் இருவருக்கும் ஒன்றுபோலத்தான். பிறகு மகன் உருவங்கள் வரையத் தொடங்கினான்; யோனியோ கோடுகளோடு நின்றுவிட்டது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. படம் போட்டால் தின்பண்டம் என்று ஒரு சிம்பன்சியைப் பழக்கினார்கள். கொஞ்ச நாளில் அது ஏதோ நாலு கோடு இழுத்துவிட்டுக் கையை நீட்ட ஆரம்பித்தது என்று மோரிஸ் எழுதுகிறார். 1973-இல் அமெரிக்க மழலையர் பள்ளி ஒன்றில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது: சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது.

அப்படியானால் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கு என்று பிள்ளையைத் துரத்தும்போது நாம் எதைச் சொல்லிக்கொடுக்கிறோம்? வரையவா, கையை நீட்டவா?