இறையிலியும் எண்பது ஜி-யும்: குத்தாலம் வட்டாரத்தில் கொடையும் வரியும்

அறத்துக்குக் கொடுத்தால் வரியில் விலக்கு என்ற ஏற்பாடு வருமான வரிச் சட்டத்தோடு காவிரிப் படுகைக்கு வந்ததல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சோழர் கல்வெட்டுகளில் அது இறையிலி என்ற பெயரில் நிலைபெற்றிருக்கிறது. கோயிலுக்கு விட்ட தேவதானம், பிராமணர்க்கு விட்ட பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட பள்ளிச்சந்தம், உணவுச் சாலைக்கு விட்ட சாலாபோகம் எனப் பல வகை நிலங்களுக்கு அரசு தனக்குரிய வரியை விட்டுக்கொடுத்தது.

தேவாரத்தில் திருத்துருத்தி என்று வரும் குத்தாலமும் அதைச் சுற்றிய ஊர்களும் இந்தக் கொடைகளால் வளர்ந்தவை. அருகிலுள்ள கோனேரிராசபுரத்தில், பழைய பெயரால் திருநல்லத்தில், கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி கணவர் நினைவாகக் கற்றளி எடுத்தார். லிங்கத்தை வணங்கும் கண்டராதித்தரின் உருவம் அங்கே சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. திருவாவடுதுறையில் 1121ஆம் ஆண்டின் விக்கிரம சோழர் காலக் கல்வெட்டு, மடத்தில் உண்பவர்களோடு சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படித்த மருத்துவ மாணவர்களையும் குறிப்பிடுகிறது. நெல் விளையும் நிலம் இல்லாமல் இத்தனை பேருக்குச் சோறு போட முடியாது. கொடை என்றால் முதலில் நிலம் என்று படுகையில் ஆனதற்குக் காரணம் இதுதான்.

வீட்டுப் பொருள்களும் கோயிலுக்கு வந்தன. விளக்கு, தட்டு, கெண்டி, செம்பு என ஒவ்வொன்றும் நிறுக்கப்பட்டு, கொடுத்தவர் பெயரோடு கல்லில் ஏறியது. 1010இல் நிறைவுபெற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசரும் அவருடைய தமக்கை குந்தவையும் தந்த பொன் கலங்கள் ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டன. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்ற கணக்கும் அங்கே உண்டு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆனால் கலத்துக்கோ ஆட்டுக்கோ ஈடாகக் கொடுத்தவரின் நிலவரி குறைந்துவிடவில்லை. அவருக்குக் கிடைத்தது புண்ணியமும் கல்லில் ஒரு பெயரும். வரிவிலக்கு நிலத்தோடு ஒட்டியது. அதைக் கொடுத்தவரோடு ஒட்டியதன்று.

விட்ட வரியை யார் சுமந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் நடுப்புள்ளி, அதிகம் பேசப்படாததும்கூட. அரசே விட்டுக்கொடுத்தால் இழப்பு அரசுக்கு. எல்லா இறையிலியும் அப்படி இல்லை. பல ஊர்களில் கொடையாளி ஊர்ச் சபைக்கு ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அந்த நிலத்தின் வரியை ஆண்டுதோறும் தானே செலுத்துவதாகச் சபை ஏற்கும். இத்தொகைக்கு இறைத்திரவியம், இறைகாவல் போன்ற பெயர்கள் இருந்தன. இப்படி விடப்பட்ட நிலம் ஊர்க்கீழ் இறையிலி. அந்த முதல் தொகை நிலைத்திருந்த வரை கணக்கு சரியாக இருக்கும். அது செலவழிந்த பின், மீதி நிலங்களின் மேல் பாரம் ஏறுவதைத் தவிர ஊருக்கு வேறு வழி இருந்திருக்காது. கொடைக் கல்வெட்டுகளின் பெருமையைச் சொல்லும்போது அந்த உழவர்களையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

1799இல் தஞ்சை நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, இந்த விலக்குகள் இனாம் என்ற பெயரில் தொடர்ந்தன. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தது. பட்டயமும் அனுபவமும் சோதிக்கப்பட்டன. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் உரியவை அந்தத் தருமம் நடக்கும் வரை உறுதிசெய்யப்பட்டன. தனியார் இனாம்தார்கள் சிறு வரி கட்டி நிலத்தை முழு உடைமையாக்கிக்கொள்ள முடிந்தது. விலக்கு என்பது கல்லில் இருந்த வாக்கு என்ற நிலை மாறி, அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரிசையானது இங்கேதான்.

வருமான வரி 1860இல் வந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் சமய, அறச் சொத்துகளின் வருமானத்துக்கு விலக்கு அளித்தது. இதுவும் பழைய இறையிலியைப் போல வாங்குபவருக்குக் கிடைத்த விலக்குதான். கொடுப்பவருக்கே கழிவு என்ற வழக்கம் விடுதலைக்குப் பிறகே வந்தது. இன்று பரவலாகத் தெரிந்த, வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு 1968 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. மத்திய அரசு அறிவித்த பழம்பெரும் கோயில், மசூதி, தேவாலயத் திருப்பணிக்குத் தரும் பணமும் அதில் அடங்கியது.

பழைய கட்டில், துணி, பாத்திரத்தைக் கொடுத்து அதற்குரிய மதிப்பை வருமானத்திலிருந்து கழிக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அங்கே நன்கொடைக் கழிவு 1917இல் தொடங்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின் துணியும் வீட்டுப் பொருளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இந்தியச் சட்டம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. நன்கொடை பணமாகவே இருக்க வேண்டும் என்று 80ஜி பிரிவில் விளக்கம் சேர்க்கப்பட்டது. பங்குகளாகக் கொடுத்த ஒரு வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றமும் பொருளாகக் கொடுத்ததை ஏற்கவில்லை. பழைய சேலைக்கு யார் விலை வைப்பது என்ற சிக்கலை நினைத்தால் இது புரிந்துகொள்ளத்தக்க கண்டிப்பே.

வேண்டாத பொருளுக்குப் படுகையில் வேறு பாதை இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருபவர் தெருவில் வந்தார்கள். தானமாகக் கொடுப்பதோ புதிதாக இருக்க வேண்டும் என்பது சடங்கு முறை: ஈமக்கடனில் தரும் குடையும் செருப்பும் செம்பும்கூடப் புதியவை. 2004 சுனாமிக்குப் பின், குத்தாலமும் அடங்கியிருந்த அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோர ஊர்களுக்குப் பழைய துணி லாரி லாரியாக வந்தது. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரம் குவிந்து கிடந்தன. வாங்குபவரின் மானத்தை எண்ணாத கொடை அப்படித்தான் ஆகும்.

பணக் கொடைக்கும் கட்டுப்பாடு இறுகியது. 2017-18 நிதியாண்டு முதல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு இல்லை. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். 2023-24 முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய வரி முறையில் தனிநபருக்கு 80ஜி கழிவே கிடைக்கவில்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது.