நீவா என்கிற பொன்னை

வேலூர்ப் பக்கம் ஆறு என்றாலே வெளியூர்க்காரங்க பாலாற்றைத்தான் சொல்வாங்க. வடக்கேயிருந்து வந்து அதில் சேருகிற பொன்னை ஆறு பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தென்பெண்ணையோடு குழப்பிக்கொள்வார்கள். அதையும் பொன்னையாறு என்று சொல்வதால் வந்த வினை. அது கிருஷ்ணகிரி வழியாகப் போய் கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிற பெரிய ஆறு. நம்மது சித்தூர் மலைகளில் கிளம்பி, பொன்னை, மேல்பாடி, திருவல்லம் என்று வந்து பாலாற்றில் முடிகிற சின்ன ஆறு.

பொன்னை என்பது கரையிலுள்ள ஊரின் பெயர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆற்றுக்கு நீவா என்றுதான் பெயர். அந்தப் பெயருக்கான கதை திருவல்லம் வில்வநாதேஸ்வரர் கோயிலில் இருக்கு. அபிஷேகத்துக்குக் காஞ்சனகிரி மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த குருக்களைக் கஞ்சன் என்கிற அசுரன் தொல்லை செய்ய, சாமி நந்தியை ஏவினாராம். அதனால்தான் அங்கே நந்தி சாமிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கு. பிறகு ஆற்றையே பார்த்து "நீ வா" என்றாராம், வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. தெலுங்கில் "வா" என்றால் "ரா". தமிழில் மட்டுமே பொருள் தருகிற கதையோடு வந்த பெயரைத் தெலுங்கு பேசுறவங்க காப்பாத்தி வச்சிருக்காங்க, நாம்தான் விட்டுவிட்டோம்.

இரண்டு பக்கமும் நெடுங்காலம் ஒரே நாடுதான். பாணர்கள் ஆண்ட பெரும்பாணப்பாடி இது. ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் பள்ளிப்படை எடுத்தது மேல்பாடியில்தான். வெள்ளைக்காரன் காலத்திலும் வடாற்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானது.

வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளைக் கடந்து வருகிற பாலாற்றின் கதை ஊரறிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தோல் ஷாப்பு வரிசை பொன்னைக் கரையில் இல்லை. மழைக்காலத்தில் வாலாஜா அணைக்கட்டுக்கும், அங்கிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கும் போகிற தண்ணீரில் இந்தச் சின்ன ஆற்றின் பங்கும் உண்டு. கீழ்ப்பக்கம் நெல் போடுறவங்களுக்கு அதன் அருமை தெரியும்.

2021 கடைசியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு முகுந்தராயபுரம் - திருவல்லம் இடையே ரயில் பாலம் பழுதாகி, சென்னை - பெங்களூரு ரயில்கள் பல நின்றன. அது பாலாற்றுப் பாலம் இல்லைங்க, பொன்னைப் பாலம். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது சன்னலோரம் உட்காருங்க. மணலாகக் கிடந்தாலும் அதன் பெயர் நீவா.