ஆசிரியருக்கு ஊதியம், மாணவருக்குக் கட்டண விலக்கு: கத்தோலிக்கப் பள்ளிகளும் ஏழைக் குடும்பங்களுக்கான கல்வி உதவியும் – கடம்பத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஏழைக் குடும்பத்துக் குழந்தை கத்தோலிக்கப் பள்ளியில் பயில்வதற்கான உதவி, தமிழகத்தில் இருவேறு வழிகளில் வழங்கப்பட்டு வந்துள்ளது. ஒன்று, ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கும் மானியம். மற்றொன்று, குடும்பத்திற்கு நேரே செல்லும் உதவித்தொகை. முதல் வழியே கட்டணத்தை உண்மையில் நீக்கியது என்பதையும், 1991க்குப் பின் அவ்வழி அடைபட்ட இடத்தை இரண்டாம் வழி நிரப்பவில்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: உதவிபெறும் பள்ளி, மானியம், சிறுபான்மையினர் உரிமை, கிறித்தவ ஆதிதிராவிடர், கீழச்சேரி

முன்னுரை

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்துள்ள கடம்பத்தூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் முன்னர்ச் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டத்தில் அடங்கியிருந்தவை. உழவுக்கூலியை நம்பியிருந்த இவ்வட்டாரக் குடும்பங்களில் ஒரு பகுதி, இன்று சுற்றுப்புறத் தொழிற்சாலைகளின் ஒப்பந்தக் கூலியை நம்பி வாழ்கிறது. கடம்பத்தூர் ஒன்றியத்துக் கீழச்சேரி, பழைய கத்தோலிக்கக் குடியிருப்புகளுள் ஒன்று. தெலுங்கு வழிக் கத்தோலிக்கர் வாழும் ஊராகவும் அறியப்படுவது. இத்தகைய ஊர்களில் கத்தோலிக்கப் பள்ளி என்பது சமயத் தேர்வு மட்டுமன்று. நடந்து செல்லும் தொலைவில் உள்ள பள்ளி எது என்ற வாழ்வியல் வினாவும் அதில் அடங்கியுள்ளது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இச்சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அங்குச் சமயப் பள்ளிக்கு அரசு நேரடியாக நிதி வழங்குவதற்கு அரசமைப்புத் தடை இருந்தமையால், உதவி பெற்றோர் வழியே சென்றது. 1947ஆம் ஆண்டின் எவர்சன் வழக்கு பெற்றோருக்குப் போக்குவரத்துச் செலவை ஈடுசெய்வதை ஏற்றது. 2002ஆம் ஆண்டின் செல்மன் வழக்கு கல்விச் சீட்டு முறையை ஏற்றது. இந்திய அரசமைப்போ உறுப்பு 30(2)இன்படி, மானியம் வழங்குகையில் சிறுபான்மையினர் நிறுவனம் என்பதற்காக வேறுபாடு காட்டலாகாது என்கிறது. ஆதலின் இங்கு உதவி பள்ளியின் வாயில் வழியாகவே குழந்தையை அடைந்தது.

1. கட்டணத்தை வலியுறுத்திய மானியம்

1854ஆம் ஆண்டின் சார்லசு உட்டு கல்வி அறிக்கை மானிய முறைக்கு அடித்தளமிட்டது. சமயப் போதனையைக் கணக்கில் கொள்ளாது, உலகியல் கல்வியின் தரத்தை மட்டும் நோக்கி மானியம் வழங்குவது அதன் நெறி. சமயப் பரப்புநர் நடத்திய பள்ளிகள் அரசு நிதி பெற இந்நெறியே வழிவகுத்தது. ஆயினும், ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் நீங்கலாக, மாணவரிடம் சிறிதளவேனும் கட்டணம் பெறும் பள்ளிகளுக்கே மானியம் என்ற நிபந்தனையையும் அவ்வறிக்கை விதித்தது. முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் கல்வி மதிக்கப்படாது என்பது அக்கால ஆட்சியாளரின் கருத்து. எனவே தொடக்கத்தில் மானியமும் கட்டணமும் ஒன்றையொன்று விலக்கவில்லை, உடன் சென்றன.

1882ஆம் ஆண்டின் அண்டர் ஆணையம், வறுமை காரணமாகக் குறிப்பிட்ட விழுக்காட்டு மாணவருக்குக் கட்டண விலக்கு அளிக்கலாம் என்றும், ஏழை வகுப்பினருக்கெனத் தொடங்கப்பட்ட பள்ளிகளில் அவ்விலக்கு விரிவாக அமையலாம் என்றும் பரிந்துரைத்தது. கட்டணம் விதி, விலக்கு சலுகை என்ற நிலை இதனால் உருவாயிற்று.

இச்சலுகை யாருக்குத் தேவைப்பட்டது என்பதைச் செங்கல்பட்டு மாவட்டமே ஆவணப்படுத்தியது. மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அளித்த குறிப்பு, இம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மையையும் கடன் அடிமைத்தனத்தையும் அரசின் முன் வைத்தது. அதனையொட்டி எழுந்த விவாதச் சூழலில், 1893இல் வெளியான கல்வித்துறை ஆணை எண் 68 பஞ்சமர் பள்ளிகளுக்குச் சிறப்பு உதவிகளை வகுத்தது. ‘பஞ்சமர் கல்வியின் மகாசாசனம்’ எனப் போற்றப்பட்ட இவ்வாணை, கட்டணம் கட்ட இயலாத சமூகம் ஒன்று உண்டு என்பதை அரசின் மானியக் கொள்கைக்குள் கொண்டுவந்தது.

2. கட்டணம் நீங்கிய காலம்

விடுதலைக்குப் பின் இரு நிகழ்வுகள் கட்டணத்தின் இடத்தை மாற்றின. முதலாவது, கேரளக் கல்வி மசோதா குறித்து 1958இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்து. தொடக்க வகுப்புகளில் எப்பள்ளியும் கட்டணம் பெறலாகாது என்ற பிரிவு, இழப்பை ஈடுசெய்யாமல் சிறுபான்மையினர் பள்ளிக்குப் பொருந்தும் அளவில் உறுப்பு 30(1)க்கு முரணானது என நீதிமன்றம் கருதியது. இலவசக் கல்வி வேண்டுமெனில் அதன் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பதே இதன் உட்கிடை.

இரண்டாவது, காமராசர் ஆட்சியில் அச்செலவை அரசு ஏற்றமை. ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1960இல் வழங்கப்பட்ட கட்டண விலக்கு, 1964–65இல் வருமான வரம்பின்றிப் பள்ளியிறுதி வகுப்பு வரை விரிந்தது. உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் ஊதியம் அரசு நிதியிலிருந்து வந்ததால், கத்தோலிக்கப் பள்ளியின் தமிழ்வழி வகுப்பில் சேரும் குழந்தை தன் வறுமையை எவரிடமும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சலுகையாக இருந்தது உரிமைக்கு நெருங்கியது.

இவ்வேற்பாட்டுக்கு ஈடாகப் பள்ளிகளும் சில வரம்புகளை ஏற்றன. அரசமைப்பின் உறுப்பு 28(3) பெற்றோர் இசைவின்றிச் சமயப் போதனையில் மாணவரை ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. உறுப்பு 29(2) சமயம், சாதி முதலியவற்றின் அடிப்படையில் சேர்க்கை மறுப்பதைத் தடுக்கிறது. கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வியும் பிறருக்கு நன்னெறிக் கல்வியும் எனப் பிரித்து நடத்தும் வழக்கம் இப்பின்னணியில் நிலைபெற்றது.

திருச்சபையின் கோட்பாடும் இதனோடு ஒத்துச் சென்றது. 1965இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரின் பள்ளித் தேர்வு மெய்யான சுதந்திரமாக அமையும்படி பொது நிதி பகிரப்பட வேண்டும் என்றது. வறியோர்மீது கத்தோலிக்கப் பள்ளிகள் தனிக்கருத்துச் செலுத்த வேண்டும் என்றும் கூறியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 797ஆம் விதி பெற்றோரின் தேர்வுரிமையைப் பகிர்வு நீதியோடு இணைத்தது.

3. 1991 என்னும் எல்லைக்கோடு

1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 14–அ பிரிவு, 1991–92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் இல்லை என வரையறுத்தது. இதன் விளைவு ஒரே நிருவாகத்தின் கீழுள்ள வளாகங்களுக்குள்ளும் புலப்பட்டது. பழைய தமிழ்வழிப் பிரிவு அரசு ஊதியத்தில் இயங்க, ஆங்கிலவழிப் பிரிவும் மெட்ரிகுலேசன் பள்ளியும் பெற்றோரின் கட்டணத்தில் இயங்கலாயின. 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இக்கட்டணத்திற்கு உச்சவரம்பு நிர்ணயிக்க வழிசெய்ததே அன்றி, அதனைச் செலுத்த இயலாதோருக்கு மாற்று வழி காட்டவில்லை.

ஆங்கிலவழிக் கல்வியை வேலைவாய்ப்பின் வாயிலாகக் கருதும் கூலிக் குடும்பம் இங்கு இருவகை இழப்புக்கு உள்ளாகிறது. தமிழ்வழியைத் தேர்ந்தால் கட்டணமில்லை. விரும்பிய பயிற்றுமொழி இல்லை. ஆங்கிலவழியைத் தேர்ந்தால், அப்பள்ளி அதே துறவற சபையால் நடத்தப்பட்டாலும், கட்டணம் உண்டு. பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை போன்ற அறப்பணி அமைப்புகளும், பள்ளி நிருவாகங்கள் தம் விருப்பப்படி அளிக்கும் கட்டணக் குறைப்பும் சிலருக்கு உதவுகின்றன. ஆனால் இவை மீண்டும் வறுமையை மெய்ப்பித்துப் பெறும் சலுகைகளே. 1882ஆம் ஆண்டின் நிலைக்கு இவை அண்மையில் உள்ளன.

4. குடும்பத்திற்கு நேரே சென்ற உதவியும் அதன் எல்லைகளும்

உதவித்தொகைத் திட்டங்கள் இவ்விடைவெளியை நிரப்பினவா என்பது அடுத்த வினா. இதில் சாதி வரையறை முதல் தடையாகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து சமயத்தவருக்கே அத்தகுதியை வரையறுத்தது, சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விலக்கை உறுதிசெய்தது. எனவே நடுவணரசின் பட்டியல் சாதி உதவித்தொகை கிறித்தவ ஆதிதிராவிடருக்குக் கிட்டுவதில்லை. தமிழக அரசு இவர்களைப் பிற்படுத்தப்பட்டோராக வகைப்படுத்தியபோதும், ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகத் தன் நிதியில் உதவித்தொகை வழங்கி வருவது இக்குறையை ஓரளவு தணிக்கிறது. இந்தியக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள் என்பதை ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் ஆற்றலூட்டல் கொள்கை ஒப்புக்கொண்டுள்ள நிலையில், இவ்விலக்கு விளிம்புநிலைச் சிக்கல் அன்று, மையச் சிக்கல்.

சச்சார் குழு அறிக்கையின் பின்னணியில் 2008இல் தொடங்கிய சிறுபான்மையினருக்கான பத்தாம் வகுப்பு வரையிலான உதவித்தொகை, சமயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆண்டு வருமானம் 1 இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக் குழந்தைகள் இதற்கு உரியோர். 1 முதல் 5 வரையிலான வகுப்பினருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயும், 6 முதல் 10 வரையிலான வகுப்பினருக்குக் கற்பிப்புக் கட்டணமாக மாதம் 350 ரூபாய் வரையும் தொடக்க விதிகள் அனுமதித்தன. 2022–23 முதல் 1 முதல் 8 வரையிலான வகுப்பினருக்கு இத்திட்டம் நிறுத்தப்பட்டது. கல்வியுரிமைச் சட்டம் அவ்வகுப்புகளுக்கு இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது என்பது கூறப்பட்ட காரணம். மானியம் பெறாத பள்ளியில் கட்டணம் செலுத்தும் குழந்தைக்கு இக்காரணம் பொருந்தாது.

5. 25 விழுக்காட்டு இடங்களும் சிறுபான்மை விலக்கும்

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப் பிரிவு 12(1)(இ), மானியம் பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க நிலை வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கி, அதன் செலவை அரசு ஈடுசெய்யப் பணிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு மானியம் பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும், 2014ஆம் ஆண்டின் பிரமதி தீர்ப்பு அனைத்துச் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும் இச்சட்டத்திலிருந்து விலக்களித்தன.

இதன் நடைமுறைப் பொருள் எண்ணத்தக்கது. கடம்பத்தூரின் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, சிறுபான்மைத் தகுதியற்ற மெட்ரிகுலேசன் பள்ளியில் அரசு செலவில் இடம் கோரலாம்; தன் திருச்சபை நடத்தும் மெட்ரிகுலேசன் பள்ளியில் அவ்வாறு கோர இயலாது. சமூகத்தின் உரிமையைக் காக்க எழுந்த பாதுகாப்பு, அச்சமூகத்து வறியோருக்கு வாயிலை ஒடுக்கியுள்ளது. நிறுவனத்தின் தன்னாட்சியும் குழந்தையின் கல்வியுரிமையும் ஒன்றே என்று கொள்வதால் நேரும் விளைவு இது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு பிரமதி தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் தெரிவித்து, அதனைப் பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது இவ்விவாதத்தை மீண்டும் திறந்துள்ளது.

6. கீழச்சேரி, 2024

இந்நிலையில் மானிய வழியின் அண்மைக்கால விரிவாக்கம் கடம்பத்தூர் ஒன்றியத்திலேயே தொடங்கியது. 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 சூலை 15 அன்று விரிவாக்கப்பட்டது. தொடக்க விழா கீழச்சேரி புனித அன்னாள் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் நிகழ்ந்தது. 3,995 பள்ளிகளின் 2,23,536 மாணவர் இதனால் பயன்பெறுவர் என அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கான விரிவாக்கம் 2025 ஆகத்து 26 அன்று மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது.

இவ்விரிவாக்கத்தின் முறைமை குறிப்பிடத்தக்கது. குழந்தையின் சமயம், சாதி, மதிப்பெண், வருமானச் சான்று ஆகிய எவையும் கோரப்படவில்லை. உதவிபெறும் பள்ளியில் பயில்வது ஒன்றே தகுதி. தமிழ்ப் புதல்வன் திட்டமும், 2024 திசம்பரில் விரிவாக்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவரை உள்ளடக்கின. அதே வேளையில், 2020இல் வகுக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு மருத்துவக் கல்வி உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கே உரியதாக உள்ளது. உதவிபெறும் பள்ளியின் ஏழை மாணவர், சில திட்டங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு நிகராகவும் சிலவற்றில் புறத்தாராகவும் கருதப்படுகின்றனர்.

முடிவுரை

தமிழகக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஏழைக் குடும்பங்களின் கட்டணச் சுமையைப் பெரிதும் நீக்கியது அறக்கொடையோ உதவித்தொகையோ அன்று. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்ற மானியமே. 1854இல் கட்டணத்தை வலியுறுத்திய அம்முறை, நூறாண்டுக்குப் பின் அதனை நீக்கும் கருவியாக மாறியது. 1991இல் இடப்பட்ட எல்லைக்கோடு அவ்வழியைப் பழைய பள்ளிகளோடு நிறுத்தியது. அதன் பின்னர் வந்த உதவித்தொகைகள் சாதி, வருமானம், வகுப்பு என்னும் வரம்புகளால் சுருங்கின. 25 விழுக்காட்டு இடங்கள் சிறுபான்மை விலக்கால் எட்டாதவையாயின.

இவ்வரலாறு அரசுக்கும் திருச்சபைக்கும் ஒருசேர வினா எழுப்புகிறது. மானியம் இல்லாத வகுப்பில் பயிலும் ஏழைக் குழந்தையின் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் எனில், அப்பள்ளிகள் சேர்க்கையில் பொது விதிகளை ஏற்க அணியமாக வேண்டும். தன்னாட்சியே முதன்மை எனத் திருச்சபை கொள்ளுமாயின், தன் கட்டண வருவாயிலிருந்து அக்குழந்தைகளுக்கு உறுதியான இடங்களை, சலுகையாக அன்றி வெளிப்படையான விதியாக, அதுவே ஒதுக்க வேண்டும். இவ்விரண்டும் நிகழாத இடைவெளியின் செலவைத் தற்போது செலுத்தி வருவோர் கூலிக் குடும்பங்களே.