தோட்டத்துப் பழைய படங்கள்: அசலில் பசை வேண்டாம்

சுங்காய் வட்டாரத்தில் பால்மரக் காடுகள் செம்பனைக்கு வழிவிட்டன. லயத்து வாழ்க்கைக்குப் பல வீடுகளில் பழைய படங்களே சாட்சி. அவற்றை ஆல்பத்தில் அழகுபடுத்த, காய்ந்ததும் கண்ணாடித்துளிபோல் மேடிட்டு நிற்கும் தெளிவான பசை கிடைக்கிறது. ‘குளோஸி ஆக்சென்ட்ஸ்’ அவற்றில் ஒன்று.

அசல் படத்தில் மட்டும் இதை இடவேண்டாம். காய்ந்தபின் படம் கெடாமல் உரிக்க முடியாது. லேசர் நகல் எடுத்துக்கொள்வது நல்லது. இங்க்ஜெட் மை பசையின் ஈரத்தில் கலங்கிவிடக்கூடும். நகலில் பாட்டியின் மூக்குத்தி மேல் ஒரு துளி, தாத்தாவின் பால்வாளி மேல் மெல்லிய பூச்சு. அவ்வளவு போதும். தீபாவளி வாழ்த்து அட்டையில் வரைந்த அகல்விளக்குச் சுடருக்கும் இது பொருந்தும்.

புட்டியைக் குலுக்கினால் குமிழி வரும். ஈரமாக இருக்கும்போதே ஊசியால் குத்திவிடலாம். மழைநாளில் ஓர் இரவாவது அசையாமல் காயட்டும்.