சிறை அறையில் ஒரு நிறைவு

லூர்து என்றதும் கெபியே நம் நினைவுக்கு வருகிறது. அக்கெபியருகே விறகு பொறுக்கச் சென்ற சிறுமியின் இல்லத்தை நாம் எண்ணுவது அரிது.

பெர்னதெத்தின் தந்தை பிரான்சுவா சுபிரு மாவு ஆலை நடத்தியவர். 1854-இல் அவ்வாலையை இழந்தார். 1857-இல் பழைய சிறைச்சாலையின் ஒற்றை அறையே பெற்றோருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் புகலிடமாயிற்று. அவ்வாண்டே, மாவு திருடினார் என்ற ஐயத்தின்பேரில் தந்தை சிறைப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுதலை பெற்றார். ஏழை என்பதே ஐயம் எழப் போதுமானதாயிருந்தது. அந்த அறையிலும் மாலைதோறும் குடும்பமாகச் செபித்தனர்.

1858 பிப்ரவரி 11-இல் காட்சிகள் தொடங்கியபின் அந்த வாயிலுக்குப் பணம் வந்தது. பசியறிந்த அக்குடும்பம் அதனை ஏற்கவில்லை. தம்பி பெற்றுவந்த காசையும் திருப்பிக் கொடுக்கச் செய்தாள் பெர்னதெத்.

பசியைப் புனிதமென்று போற்றுதல் தகாது. வறுமை அவர்கள்மேல் வந்து விழுந்தது. எளிமையோ அவர்களே தேர்ந்துகொண்டது. மாதக் கடைசியில் வரவு செலவு பார்த்துக் கலங்கும் நம் இல்லங்களுக்கு இவ்வேறுபாடு ஒளி தரும். இல்லாமையைப் போக்க உழைப்பது நம் கடமை. ‘போதும்’ என்று சொல்லக் கற்பது நம் செல்வம்.